யார் கொடுத்த ஃப்ரீ

கெடார் பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ‘ஃப்ரீ பஸ்சு போயிட்டுதா?’ என்று கேட்டுக்கொண்டே ஓடிவருவாள் ஒருத்தி. பக்கத்து சைக்கிள் கடையில், ‘பெடல் ஃப்ரீயா சுத்துது, ஃப்ரீவீல் போச்சு’ என்பார் கடைக்காரர். மருந்துக்கடையில், வயிறு ஃப்ரீயாகப் போகிறதா என்று ஒரு தாத்தாவிடம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். நைட்டி வாங்கப் போனால் ஃப்ரீ சைஸ். மனசு சரியில்லை என்று சொன்னால், ‘ஃப்ரீயா வுடு.’ பெண் பார்க்க வந்தவர்கள், ‘எங்ககிட்ட ஃப்ரீயா பேசும்மா’ என்பார்கள். இத்தனை பொருளில் புழங்குகிற சொல்லை எங்கள் ஊரில் யாரும் ஆங்கிலம் என்று நினைப்பதில்லை. என் ஆயா கடைசிவரை அதைப் ‘பிரீ’ என்றுதான் சொன்னாள்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், காணையைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடம் போன 1980-களில் இது தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குப் போக வேண்டும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30-ல்தான். நான் படித்த அந்த நாட்களில் ஃப்ரீ என்ற சொல் ஊருக்குள் அவ்வளவாக வந்திருக்கவில்லை. ஆனால் காசு வாங்காமல் கொடுப்பது என்கிற காரியம் தாராளமாக நடந்துகொண்டிருந்தது. கொடுத்தவர்கள் யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் எங்கள் தெருவே கொல்லைக்குப் போய்விடும். வேர்க்கடலை என்று புத்தகத்தில் படித்தோம். வாயில் வந்தது மல்லாட்டை. ஆண்கள் செடி பிடுங்கிப் போடுவார்கள், பெண்களும் பிள்ளைகளும் நிழல் பார்த்து உட்கார்ந்து ஆய்வோம். ஆய்ந்ததைப் பொழுது சாய மரக்காலால் அளந்து, அதில் ஒரு பங்கு கூலி. அதுவரைக்கும் கணக்கு சரி. கணக்கில் வராதது அதற்குப் பிறகுதான் தொடங்கும். அளந்து முடித்த காயைக் கூடையில் அள்ளிக் களத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். களத்தைக் கூட்ட வேண்டும். கொடியைக் கட்டாகக் கட்டிக் கொல்லைக்காரர் வீட்டு மாட்டுக்குப் போட வேண்டும். ‘போறப்ப அந்தக் கட்டைத் தூக்கிட்டுப் போயி கொட்டாயில போட்டுட்டுப் போம்மே’ என்று அந்த வீட்டு அம்மா சொல்வார். சொல்லும்போது அதில் அதட்டல் இருக்காது, கேட்பது போலவே இருக்கும். என் அம்மா தூக்கிக்கொண்டு நடப்பாள். அந்த நடைக்கு யாரும் மரக்காலை எடுத்ததில்லை.

ஆண்டுக் கூலிக்குப் பண்ணையாளாக இருந்தவர்கள் வீட்டில் இது இன்னும் ஆழமாகப் போனது. கூலி பேசுவது புருஷனுக்கு. அவன் பெண்டாட்டி காலையில் சாணி அள்ளி, வாசல் தெளித்து, கட்டுத்தறி கூட்டுவது அந்தப் பேச்சுக்குள்ளேயே அடங்கியது. பிள்ளை மாடு மேய்ப்பதும் அப்படித்தான். ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்தால் மூன்று பேர் உழைப்பு வந்தது. இதை அன்றைக்கு யாரும் இலவசம் என்று சொல்லவில்லை. சும்மா என்றார்கள். ‘சும்மாதான இருக்க, வந்து இதைச் செய்.’ சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாமல் வாங்கும் உழைப்புக்கு வெட்டி என்று பெயர். அதே சொல் இன்றைக்குப் பயனில்லாத வேலை என்று பொருள் மாறி நிற்கிறது. கூலி கொடுக்காமல் வாங்கிய வேலை, காலப்போக்கில் வேலையே இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு இந்தப் பொருள் மாற்றத்தில் ஒரு பெரிய அநியாயம் தெரிகிறது.

ஃப்ரீ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது மோட்டார் கொட்டாயில். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் கட்டணமில்லாமல் ஆனது. ‘ஃப்ரீ கரண்டு’ என்று பெரியவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. யாரோ மேலிருந்து மனமிரங்கிப் போட்டதல்ல அது. 1970-ல் மின்கட்டணத்தைக் கூட்டியதை எதிர்த்துக் கொங்கு நாட்டு உழவர்கள் எழுந்தார்கள்; பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். 1972-ல் கோயம்புத்தூர் வீதிகளை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு ஊர் ஊராகப் போய் உழவர்களைச் சேர்த்தார். எத்தனையோ உயிர் போன பிறகுதான் எங்கள் ஊர் மோட்டார் மீட்டரில்லாமல் ஓடியது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேலான விவசாய இணைப்புகள் இப்படி ஓடுகின்றன. கிணறு வற்றி போர் போட்டார்கள், போரை இன்னும் ஆழமாக இறக்கினார்கள், அதுவும் நடந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரில்தான் கரும்பும் நெல்லும் விளைந்தன, அந்தக் கொல்லைகளில்தான் எங்களுக்கும் வேலை கிடைத்தது. அந்த ஃப்ரீயை நான் ஒருநாளும் குறைவாகப் பேச மாட்டேன்.

எங்கள் தெருவுக்கு வந்த ஃப்ரீ, குடிசைக்கு ஒரு பல்பு. ஒத்த பல்பு சர்வீஸ் என்போம். அதன் கீழே உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்பு படித்தேன். அதற்கும் முன்னால் வந்தது 1982-ல் தொடங்கிய சத்துணவு. மத்தியானச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் என் பெஞ்சில் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று அரசு வேலையில் இருக்கிறார்கள்.

பஸ் மட்டும் ஃப்ரீ இல்லை. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடக்கும். டிக்கெட் ஸ்டேஜ் கணக்கில் ஏறும் என்பதால், அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் நடந்துபோய் அங்கே ஏறினால் கொஞ்சம் காசு மிஞ்சும். அம்மா அப்படித்தான் போவாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் என் தம்பி, பக்கத்தில் நான். எங்களைத் தாண்டிப் பஸ் போகும். அந்த நடையில் மிஞ்சிய காசுக்குப் பொறை பிஸ்கட் வாங்கித் தருவாள். பெண்கள் அந்தக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே போகாததற்குக் கட்டுப்பாடு ஒரு காரணம் என்றால், டிக்கெட் காசு இன்னொரு காரணம். புருஷனிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் எதற்கு, எங்கே, யாரைப் பார்க்க என்று மூன்று கேள்வி வரும். பதில் சொல்லத் தயங்கியவர்கள் போகாமலே இருந்துவிட்டார்கள். என் பெரியம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போகாமல் வருஷக்கணக்கில் இருந்தது இப்படித்தான். அந்த ஊர் ஒன்றும் கடல் கடந்து இல்லை, திருக்கோவிலூர்ப் பக்கம்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று ஆனது. விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊருக்கு அது வெள்ளை போர்டு. கண்ணாடியில் ‘மகளிர் கட்டணமில்லாப் பயணம்’ என்று ஒட்டியிருக்கும். முதல் சில மாதங்களில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வயசான பெண்கள் காரணமே இல்லாமல் பஸ் ஏறினார்கள். விழுப்புரத்தில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். ‘இன்னாத்துக்கு ஆயா போன?’ என்று கேட்டால், ‘சும்மா போயிட்டு வந்தன்’ என்றார்கள். அறுபது வயசுக்கு மேல் முதன்முறையாகச் சும்மா ஓர் ஊருக்குப் போய்வந்தவர்களின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு காரணங்கள் வந்தன. ஒருத்தி அவித்த மல்லாட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் படி கணக்கில் விற்கத் தொடங்கினாள். ஒருத்தி ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். கொத்து வேலைக்குப் போகிறவர்கள் முன்பு மேஸ்திரியின் லோடு ஆட்டோவை நம்பி இருந்தார்கள்; இப்போது யாரிடம் வேலை செய்வது என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுவதாகச் சொன்னார்கள். அந்த 888 எங்கே போகிறது என்று எங்கள் தெருவில் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. காய்கறி, டியூஷன் பீஸ், குழுக்கடன் தவணை.

மாற்றத்தோடு ஏளனமும் வந்தது. வெள்ளை போர்டில் பெண்கள் கை காட்டினால் தள்ளிப்போய் நிறுத்தும் ஓட்டுநர்கள் இருந்தார்கள். ‘ஃப்ரீயாதான வர, உள்ள தள்ளி நில்லு’ என்ற குரலை நானே கேட்டிருக்கிறேன். ஓசி என்ற சொல் ஊரெல்லாம் பறந்தது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் தபால்தலை ஒட்டாமல் போன அரசாங்கக் கடிதங்களின் மேல் இருந்த எழுத்துகளிலிருந்து வந்த சொல் அது என்பார்கள். ஆள்பவனின் சலுகையைக் குறித்த எழுத்து, ஆளப்படுகிறவளை ஏசும் சொல்லாக முடிந்திருக்கிறது. 2022-ல் இதே மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அமைச்சரே மேடையில் அந்தச் சொல்லைப் பெண்களைப் பார்த்துச் சொல்லி, தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. அதே வருஷம் பிரதமர் இலவசங்களை மிட்டாயோடு ஒப்பிட்டுப் பேசினார். அதற்கு முன்பே, தேர்தல் வாக்குறுதிப்படி தமிழ்நாட்டில் கொடுத்த இலவச டிவியை எதிர்த்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இத்தகைய வாக்குறுதி சட்டப்படி தேர்தல் முறைகேடு ஆகாது, ஆனால் தேர்தல் ஆணையம் விதிமுறை வகுக்க வேண்டும். படித்தவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து டிவி விவாதம் வரை, கொடுப்பது சரியா தவறா என்பதே பேச்சு. வாங்குகிறவர்கள் இதற்கு முன்னால் என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வி அங்கே எழுந்ததே இல்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். நல்ல மனிதர், என் படிப்புக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவர். டீக்கடையில் உட்கார்ந்து, ‘பொம்பளைங்களுக்குப் பஸ்சை ஃப்ரீயா வுட்டு நாட்டைக் கெடுத்துட்டாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கொல்லையில் 1990-லிருந்து மோட்டார் ஓடுகிறது. அவர் வீட்டுக் களத்தைத்தான் என் அம்மா கூட்டினாள். நான் கோபப்படாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: ‘பெரியப்பா, உங்க மோட்டாருக்கு கரண்டு பில்லு வந்தா வெவசாயம் பண்ணுவீங்களா?’

‘எப்பிடிம்மா முடியும்? வெளயறதுக்கு வெல எங்க கெடைக்குது?’

‘அம்மாவுக்கும் அதே கணக்குதான் பெரியப்பா. ஒழைச்சதுக்கு வெல எங்க கெடைச்சுது?’

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அந்தக் காலத்துல அப்பிடித்தான இருந்துச்சி’ என்றார். அது மறுப்பில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அரசாங்கங்களுக்கும் இந்தச் சொல்லில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 2011-க்குப் பிறகு மிக்சியும் கிரைண்டரும் மடிக்கணினியும் இலவசம் என்ற பெயரில் வரவில்லை, விலையில்லா என்று அச்சிட்டு வந்தன. பஸ்ஸில் கட்டணமில்லா என்றார்கள். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர். முதலில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குப் போனது. பெண்களின் கூலியில்லா உழைப்பை மதித்துக் கொடுக்கும் தொகை என்று அரசாங்கமே சொன்னது. அந்த வாக்கியத்தைப் பேப்பரில் படித்த அன்று என் அம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். சாணி அள்ளியதும், கட்டுத் தூக்கியதும், பிள்ளை வளர்த்ததும் ஓர் அரசாணையின் கண்ணில் பட்டிருக்கிறது. 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிஷம், அப்படி வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதற்கு மாதம் 1,000 ரூபாய் கூலியாகாது. ஆனால் கடன் இருக்கிறது என்ற ஒப்புதல் ஆகும்.

சொல்லின் வேரைத் தேடினால் இன்னொன்று கிடைக்கிறது. ஃப்ரீ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம், அன்பு என்று பொருள்படும் பழைய வேர். அதே வேரிலிருந்துதான் ஃப்ரெண்டு வந்தது, வடமொழியில் ப்ரிய வந்தது, அது தமிழுக்குப் பிரியம் ஆனது. வீட்டில் அடிமைகளும் இருந்த காலத்தில், பிரியத்துக்குரியவர்கள் யாரோ, அதாவது சொந்த ரத்தம் யாரோ, அவர்கள் ஃப்ரீ. மற்றவர்கள் அடிமை. காசில்லாமல் கிடைப்பது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. எங்கள் ஆயா ‘பிரீ’ என்று உச்சரித்தபோது, அவளுக்குத் தெரியாமலே சொல்லைப் பழைய வீட்டின் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டிருக்கிறாள்.

அந்தப் பழைய பொருள், கட்டில்லாதவர் என்ற பொருள், எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு தேவைப்படுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. ஆனாலும் விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்து இருளர் குடும்பங்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கரும்பு வெட்டவும், செங்கல் அறுக்கவும், மரம் வெட்டிக் கரி சுடவும் போய்த் திரும்ப முடியாமல் நின்ற கதைகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. வாங்கிய அட்வான்ஸ் கழியவே கழியாது. கல்யாணத்துக்கு, சாவுக்குக்கூட அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக இவர்களுக்காக அலைந்தார்கள். மீட்கப்பட்டவர்களுக்கு அரசு ஒரு விடுவிப்புச் சான்றிதழ் தருகிறது. 2016-ல் திருத்திய மத்திய அரசுத் திட்டப்படி, மறுவாழ்வுக்கு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் 3 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் முழு உதவி கிடைப்பது கடினம். ஒரு மனிதர் தான் கட்டில்லாதவர் என்பதற்கு முத்திரை வைத்த காகிதம் வைத்திருக்க வேண்டிய நிலை இன்றும் நம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த ஃப்ரீயைப் பற்றித்தான் டிவியில் விவாதம் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அப்படிக் கட்டுண்டு கிடந்தவர்களின் வேலையைக் காசாக்கினால் எத்தனை கோடி வரும்? பண்ணையாள் பெண்டாட்டிகளின் காலை வேலையை? என் அம்மா தூக்கிய கட்டுகளை? இந்தக் கணக்கு எந்த பட்ஜெட்டிலும் மானியம் என்ற தலைப்பில் வந்ததில்லை. ஏழைகள் ஊருக்குக் கொடுத்த அந்த மானியத்தில்தான் மல்லாட்டை மலிவாக இருந்தது, செங்கல் மலிவாக இருந்தது, நகரத்து வீடுகள் எழும்பின.

போன மாதம் எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். விழுப்புரத்தில் ஜவுளிக்கடையிலும் மெடிக்கலிலும் வேலை பார்க்கிறவர்கள் கடை சாத்தி வருவதற்குள் இருட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் வெள்ளை போர்டு குறைவு. திருவண்ணாமலை போகும் ரூட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, அதில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும், எல்லா பஸ்ஸும் கெடாரில் நிற்பதும் இல்லை. நான் வழக்கம்போல, ‘இலவசப் பேருந்து வசதியை நீட்டித்துத் தருமாறு பணிவுடன்’ என்று தொடங்கினேன். மல்லாட்டை விற்கிறவள் எட்டிப் பார்த்தாள்.

‘பிச்ச கேக்கற மாதிரி இன்னாத்துக்கு எழுதற? வேலைக்குப் போயிட்டு வூட்டுக்கு வரதுக்கு பஸ்சு வேணும்னு எழுது.’

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். தெருவில் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு அவர்களே வெள்ளை போர்டில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். மனுவில் கேட்டது இரண்டு நடை: இரவு எட்டரைக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று.